ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள்?

ஜூன் 4

சாவிக்காரருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். போனில் சொன்னதுதான், ஆனாலும் எழுதுகிறேன். போனில் பேசினால் குட்டியின் வீட்டுப்பாடம், கேஸ் சிலிண்டர், ஊறப்போட்ட சீருடை என்று ஓடிவிடுகிறது. அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசினால் நமக்குச் சண்டை வருகிறது. அறையில் என்னோடு இன்ஷூரன்ஸ் கம்பெனி அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் காதுபட உங்களோடு மல்லுக்கட்ட எனக்கு இஷ்டமில்லை. அதனால் இந்த ஏழு வாரமும் மெயிலில்தான் கடிதம். போனைக் குட்டிக்கு வைத்துக்கொள்வோம்.

வகுப்பு மூன்றாவது மாடியில். ஏசி ஒரு மூலையை மட்டும் குளிர்விக்கிறது, நான் அந்த மூலையில் இல்லை. எந்தக் கணினி எப்போது படுக்கும், படுத்தால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்கு முன்பே என்ன செய்து வைக்கலாம், இதைத்தான் விதவிதமாகப் பாடம் நடத்துகிறார்கள். உங்கள் பழைய புத்தகத்தையே கொண்டுவந்தேன். நீங்கள் பென்சிலால் கோடு போட்ட இடங்களில் பாதி தேவையில்லாத இடங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மீதிப் பாதி பெரிய உதவி.

முதல் நாளே பயிற்சியாளர் கேட்டார்: "உங்க ஆபீஸ்ல எந்த ஒருத்தர் நாளைக்கு வரலைன்னா எல்லாம் நின்னு போகும்?" நான் யோசிக்காமல், "எங்க வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி சர்வர் எல்லாத்துக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு அவர் மண்டைக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு கப்பல் கம்பெனிக்காரர். அவர் மெதுவாக, "வீட்டுலயும் பாஸ்வேர்டு அவர்கிட்டதானா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குட்டிக்கு நகம் வெட்டிவிடுங்கள்.

வாயாடி

*

ஜூன் 8

வாயாடிக்கு,

நகம் வெட்டியாகிவிட்டது.

உன் வகுப்புக்கு என்னால் ஒரு நாள் பொழுது போயிருக்கிறது. நல்லது. பன்னிரண்டு வருடமாக அந்த சர்வர்களை ஒரு முழு நாள் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். அது அங்கே யாருக்கும் சிரிப்பாக வராது, அதனால் நீயும் சொல்லியிருக்க மாட்டாய்.

உன் பயிற்சி முடிவில் வரும் இந்தத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் பாஸ் மார்க் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். உனக்குத் தெரியாததில்லை. மூன்றாவது முறை எழுதலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நம் ஆஸ்பத்திரி நிர்வாகம் உன்னை அனுப்பியது. "கம்ப்யூட்டர் ஆடிட்ல இருக்கறவங்கதான் சார் இதுக்குப் பொருத்தம்" என்று துணை இயக்குநர் என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டினேன். நேற்று கேன்டீனில் பில்லிங் பிரிவு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம் பாஸ் பண்ணிட்டு வந்தா நீங்க அவங்களுக்குக் கீழயா சார்?" என்று கேட்டான். கேலியாகக்கூட இல்லை, அக்கறையாகக் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

கப்பல் கம்பெனிக்காரருக்கு என்ன வயது? குடும்பம் இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

பாஸ்வேர்டு விஷயம்: என் பிரிவில் இருக்கும் இரண்டு பேரிடமும் கொடுத்துவிடச் சொல்லி நீ ஆறு மாதமாகச் சொல்கிறாய். கொடுத்துவிட்டால் பிறகு அந்த அறையில் எனக்கு என்ன வேலை?

சாவி

*

ஜூன் 12

சாவிக்காரருக்கு,

வயது நாற்பது இருக்கும். மனைவி, இரண்டு பையன்கள், மூட்டுவலி. போதுமா? மதியம் சாப்பிட்டதும் வகுப்பில் குறட்டைவிடுவார், நான்தான் பேனாவால் குத்தி எழுப்புகிறேன். இதற்குமேல் தகவல் வேண்டுமானால் அவருடைய ஆதியந்தத்தை எல்லாம் விசாரித்து எழுதுகிறேன்.

உங்களைக் கேலி செய்யவில்லை. ஒரே ஆளை நம்பி ஒரு ஆஸ்பத்திரி நிற்கிறது என்றால் அது அந்த ஆளுக்குப் பெருமை, ஆஸ்பத்திரிக்கு ஆபத்து. இரண்டும் சேர்ந்துதான் உண்மை. நீங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறீர்கள்.

மாதிரித் தேர்வு நடந்தது. நான் அவுட். முப்பது பேரில் இருபத்தாறாவது. பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஏன் தெரியுமா? சொன்னால் நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி உங்கள் முகம் தெளியும். அதை நான் இங்கிருந்தே பார்க்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து படிக்கிறோம். கப்பல்காரருக்குக் கணக்கு நன்றாக வரும், எனக்கு விதிமுறைகள் வரும். மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம்.

வாயாடி

*

ஜூன் 18

நீ எழுதியதைப் படித்தேன். என் முகம் தெளியுமாம். ஏழு வருடம் என்னோடு இருந்துவிட்டு இதைத்தான் கண்டுபிடித்தாயா?

போன ஞாயிறு மதியம் இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குட்டி வரைந்த யானையைக் காட்டக் காத்திருந்து தூங்கிவிட்டாள். சாயங்காலம் நீ கூப்பிட்டபோது பின்னால் ஒரு ஆண் குரல், "டீ ஆறுது" என்றது. குறட்டை விடுகிறவருக்குக் குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஞாயிறு குட்டியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். நீ கூப்பிட வேண்டாம். படி.

*

ஜூன் 23

வாயாடிக்கு,

அதற்குள் உன் காதுக்கு வந்திருக்கும். யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வதற்குப் பதில் நானே எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை லேப் சர்வரில் இடம் நிரம்பி அது நின்றுவிட்டது. என்னிடம் கேட்டால் கால் மணி நேர வேலை. பழைய கோப்புகளை நகர்த்திவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே நுழைய மாஸ்டர் பாஸ்வேர்டு வேண்டும். என் ஆட்கள் இருவரும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் அக்கா வீட்டில் இருந்தேன், போனில் சார்ஜ் போய்விட்டது. பார்க்கவில்லை. மதியத்துக்குமேல் பார்த்துவிட்டு பாஸ்வேர்டைச் சொன்னேன், சரியாகிவிட்டது.

அதுவரை ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றும் வார்டுகளுக்குப் போகவில்லை. லேப் டெக்னீஷியன் பெண் துண்டுத் தாள்களில் எழுதி நாலு மாடியும் ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. தச்சர் ஒருவர், கால் எலும்பு முறிவு. முந்தைய இரவிலிருந்து பட்டினி போட்டு, தியேட்டர் வாசல் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

துணை இயக்குநர் இன்று கூப்பிட்டனுப்பிப் பேசினார். அதிகம் திட்டவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை என்று அவருக்கும் தெரியும்.

குட்டி நலம்.

சாவி

*

ஜூன் 26

ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள்?

துணை இயக்குநர் எனக்குப் போன் செய்தார். "உங்க கோர்ஸுக்கு ஒரு செய்முறை அறிக்கை எழுதணும்ல? இதையே எடுத்துக்கோங்க மேடம். ஏன் நடந்துச்சு, இனிமே நடக்காம என்ன பண்ணணும்னு எழுதுங்க. போர்டு மீட்டிங்ல அதையே வெச்சிடலாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். பொறுப்பாளரின் போன் காலை முதல் அணைக்கப்பட்டிருந்தது என்று அவர்கள் அனுப்பிய குறிப்பில் இருக்கிறது. சார்ஜ் போவது வேறு, அணைப்பது வேறு. காலையில் அணைந்த போன் மதியம் வரை உங்கள் கண்ணில் படாமல் இருக்குமா? தூங்கும்போதுகூட அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறவர் நீங்கள்.

உங்கள் அக்காவைக் கூப்பிட்டேன். வேவு பார்க்க இல்லை, குட்டி அங்கே என்ன சாப்பிட்டாள் என்று கேட்கத்தான். "அவன் எங்கம்மா இருந்தான்? பொண்ணை விட்டுட்டு ஆபீஸ்ல அவசர வேலைன்னு விடிஞ்சதும் ஓடிட்டானே" என்றார். ஆபீஸுக்கு அக்கா வீடு, அக்காவுக்கு ஆபீஸ்.

இன்று காலை விடுதி வரவேற்பில் அறைச் சாவி வாங்கப் போனபோது அங்கிருக்கும் பெண் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து உங்க பேட்ச் எங்கன்னு கேட்டார் மேடம். எதிர்ல டீக்கடைல இருப்பாங்கன்னு சொன்னேன். பேர் கேட்டேன், சொல்லலை."

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்தத் தச்சர் பசியோடு படுத்திருந்தபோது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?

*

ஜூன் 28

நீ கண்டுபிடித்ததை நான் மறுக்கப்போவதில்லை.

முதல் ரயிலைப் பிடித்தேன். வரும்போது நானே எனக்குச் சொல்லிக்கொண்டது, உன்னை ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்று. பாதி வழியிலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது. ஆச்சரியப்படுத்தப் போகிறவன் வெறுங்கையோடு போக மாட்டான், சட்டையாவது தேய்த்துப் போட்டிருப்பான்.

டீக்கடைக்கு எதிரே ஒரு செருப்புக்கடை இருக்கிறதல்லவா, அதன் நிழலில் நின்றேன். இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது போன் அடித்தால் நீ திரும்பிப் பார்த்துவிடுவாய் என்று அணைத்தேன். நீங்கள் ஐந்து பேர் இருந்தீர்கள். நீ ஓரத்தில். அவர் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, மேஜையை ஒரு தட்டுத் தட்டி. அவர் உன்னைத் தொடவில்லை, ஒட்டி உட்காரவில்லை, ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்புதான். நம் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவுக்கு வரவில்லை. உள்ளே வந்து நின்றிருந்தால் நீ சிரிப்பதை நிறுத்தியிருப்பாய். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் வரவில்லை. செருப்புக்கடைக்காரர், "சார், சைஸ் சொல்லுங்க" என்று நாலு தரம் கேட்டுவிட்டார். ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அளவுகூடப் பொருந்தவில்லை.

ரயில் கிளம்பிய பிறகுதான் போனைப் போட்டேன். தவறிய அழைப்புகளும் மெசேஜும் கொட்டின. லேப் சர்வர் என்றதும் உடனே கூப்பிட்டேன். கூட்டம், நிற்கக்கூட இடமில்லை, சத்தம் வேறு. பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகக் கத்திச் சொன்னேன். "பெரிய எழுத்து! இல்லப்பா, ரெண்டாவது சின்ன எழுத்து!" பெட்டியே திரும்பிப் பார்த்தது. அது உன் செல்லப்பெயர்தான், பின்னால் நம் கல்யாணத் தேதி. சொல்லி முடித்ததும் எதிர் சீட்டுப் பெரியவர், "சம்சாரம் பேரா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "குடுத்து வெச்சவங்க" என்றார். அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இதை அறிக்கையில் எழுதாதே. சார்ஜ் போய்விட்டது என்றே இருக்கட்டும். போனில் கிடைக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவன் இல்லாத இடத்தில் இருந்ததாகப் பொய் சொன்னான் என்று உன் கையால் எழுதிப் போர்டில் வாசித்தால் எனக்கு அங்கே வேலை இருக்காது. இருந்தாலும் முகம் இருக்காது.

*

ஜூலை 2

நாலு நாள் உங்களுக்கு எழுதவில்லை. எழுதியதை எல்லாம் அழித்தேன்.

எதற்குச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிஜமாக நினைவில்லை. நினைவில் நிற்காத அளவுக்குச் சின்ன விஷயம். ஆனால் வீட்டில் நான் ஏன் அப்படிச் சிரிப்பதில்லை என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியும். வீட்டில் எனக்கு நல்லது எது நடந்தாலும் அதை உங்களிடம் சொல்வதற்கு முன் ஒரு தரம் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கூடியபோதும் அப்படித்தான், இந்தக் கோர்ஸுக்குத் தேர்வானபோதும் அப்படித்தான். பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறவளுக்கு மேஜையைத் தட்டிச் சிரிக்க எப்படி வரும்?

என்னைச் சந்தேகப்பட்டதைவிட, வந்து நின்றுவிட்டுப் பேசாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை. ஐந்து பேருக்கு நடுவில் நீங்கள் வந்து நின்றிருந்தால் நாற்காலி இழுத்துப் போட்டிருப்பேன். சிரிப்பை நிறுத்தியிருப்பேனா? ஒருவேளை நிறுத்தியிருப்பேன். பிறகு மறுபடி சிரித்திருப்போம்.

நீங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். என்னுடையதையும் சொல்கிறேன். போன வாரம் குட்டி போனில், "அப்பா தலை பின்னினா வலிக்கவே இல்லம்மா. நீதான் இழுப்ப" என்றாள். சிரித்துக்கொண்டே கேட்டேன். வைத்துவிட்டு இன்ஷூரன்ஸ் அம்மாவோடு சாப்பிடப் போகவில்லை. கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டபோது முதலில் "அப்பா" என்றுதான் கத்தினாளாமே, உங்கள் அக்கா சொன்னார். நான் இல்லாத வீடு இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டதே என்று உங்கள்மேல் வயிறு எரிந்தது. நல்ல அப்பாவாக இருப்பதற்காக ஒரு மனிதன்மேல் எரிச்சல்படுகிறவள் நான். உங்களை என்ன சொல்ல?

அறிக்கையைப் பற்றி. துணை இயக்குநரிடம் என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். சம்பந்தப்பட்டவரின் மனைவி விசாரிக்கக் கூடாது என்பது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம், அதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் எழுதப் போகிறார். போர்டில் என் அறிக்கையை வைக்கிற வாய்ப்பு போய்விட்டது. இன்ஷூரன்ஸ் அம்மாவின் கம்பெனிக் கதை ஒன்றை எடுத்துப் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

ஆனால் உங்களுக்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

*

ஜூலை 7

வாயாடிக்கு,

சொல்லிவிட்டேன்.

போகும்போது ராஜினாமாக் கடிதம் ஒன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், செருப்பு வாங்கியதைக்கூட. கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "பொண்டாட்டியைப் பாக்கப் போறேன்னு கேட்டிருந்தா நானே லீவு குடுத்திருப்பேனேய்யா" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடனே அவர் குரல் மாறியது. "நீங்க போனது பிரச்சனை இல்லை. நீங்க போனா ஆஸ்பத்திரி நிக்கிற மாதிரி வெச்சிருந்தீங்க பாருங்க, அது. அதுக்கு மேல பொய் வேற."

எழுத்துமூலம் எச்சரிக்கை. இந்த வருடச் சம்பள உயர்வு கிடையாது. சர்வர் பொறுப்பை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், நான் மூன்றில் ஒருவன். ராஜினாமாக் கடிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. எடுத்தால் வாங்கிக்கொண்டுவிடுவார் என்று பயமாக இருந்தது.

தச்சரைப் போய்ப் பார்த்தேன். அறுவை சிகிச்சை முடிந்து காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நான் யார் என்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "என் சம்சாரமும் அன்னைக்கு முழுக்கச் சாப்பிடலை சார். நான் பட்டினி கிடக்கேன்னு அவளும் கிடந்தா. அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்றார். அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று நாளாக என் ஆட்கள் இருவருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒருவன் நான் இரண்டு வருடத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை ஒரு மத்தியானத்தில் பிடித்துவிட்டான். "ஈஸியாத்தான் இருக்கு சார்" என்கிறான். இவனுக்கா இத்தனை நாள் பயந்து பூட்டிவைத்தேன் என்று வந்தது. அதோடு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலவும் வந்தது.

தேர்வை நன்றாக எழுது. மனதார எழுதுகிறேன். கையைக் கட்டிக்கொண்டு யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சாவி

*

ஜூலை 17

சாவிக்காரருக்கு,

பாஸ்.

போனில் சொல்லாமல் எழுதுகிறேன். படிக்கும்போது உங்கள் முகத்தை நான் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருப்பதுதான் இப்போதைக்கு இரண்டு பேருக்கும் நல்லது.

கோட்டைத் தாண்டி ஏழெட்டு மார்க், அவ்வளவுதான். கப்பல்காரர் தேறவில்லை. திரையில் முடிவு வந்ததும் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். என்னைப் பார்த்ததும், "வாழ்த்துக்கள் மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். நீங்கள் இரண்டு தடவை அந்தப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள், நான் அப்போது வீட்டில் இருந்துகொண்டு, "அடுத்த தடவை பாத்துக்கலாம், பால் வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொன்னவள்.

துணை இயக்குநர் பேசினார். ரிஸ்க் பிரிவு என்று ஒன்று தொடங்கி அதை என்னிடம் கொடுக்கப் போகிறார்களாம். சர்வர் பிரிவும் அதற்குக் கீழே வரும் என்றார். உங்கள் பிரிவு மட்டும் நேராக அவரிடமே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். உங்களுக்கு விட்டுக்கொடுத்ததாக நினைக்காதீர்கள். பகலெல்லாம் உங்களிடம் கணக்குக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் ஒரே வண்டியில் வீட்டுக்கு வர எனக்குத் தெம்பில்லை.

ஞாயிறு காலை வண்டி. எட்டரைக்கு வந்து சேரும்.

வாயாடி

*

ஜூலை 18

வாயாடிக்கு,

நீ பார்க்காததை நானே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். முதலில் சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது மார்க் எத்தனை என்ற கேள்வி. ஏழெட்டுதான் என்றதும் ஒரு அற்பத் திருப்தி. அதன்பின் என் பிரிவு உனக்குக் கீழே வராது என்று படித்ததும் பெருமூச்சு விட்டேன். விட்ட பெருமூச்சு என் காதிலேயே விழுந்தது. சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்த இரைச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்காது.

வெளியே வந்தபோது லேப் டெக்னீஷியன் பெண் எதிரே வந்தாள். அன்று நாலு மாடி ஏறி இறங்கினாளே, அவள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. என் வாய் தானாகவே, "எங்க வீட்டுல பாஸ் பண்ணிட்டாங்க" என்றது. அவள் நின்று, "நெஜமாவா சார்?" என்று கையைத் தட்டினாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கும் அது வந்தது. அப்புறம் நிற்கவில்லை. பில்லிங்கில் சொன்னேன், கேன்டீனில் சொன்னேன், வாட்ச்மேனிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் குட்டியிடம் சொன்னேன். "அம்மா இனிமே வீட்டுலயே இருப்பாளா?" என்று மட்டும் கேட்டாள்.

கப்பல்காரரின் நம்பரை அனுப்பு. தேறாமல் போன மறுநாள் காலைதான் ரொம்ப மோசமாக இருக்கும். அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. பேசினால் நான் யார் என்று சொல்ல மாட்டேன் என்று நினைக்காதே, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

எனக்குச் சந்தோஷம் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. பொறாமை முன்னால் ஓடிவந்து வாசலில் நின்றுவிடுகிறது. இது மாறிவிடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இனி நல்லது எது நடந்தாலும் என் முகத்தைப் பார்க்காமல் முதலில் சொல்லிவிடு. முகம் எப்படிப் போனாலும் போகட்டும், நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரு. பின்னாலேயே வந்து சேர்ந்துவிடுகிறேன்.

ஞாயிறு எட்டு மணிக்கே பிளாட்பாரத்தில் இருப்போம்.

உன் வீட்டுக்காரன்